கிரைண்டரின் நாலாவது கால்

மாவுக்கடைக்காரர் இருந்தார். அவர் சம்சாரம் இருந்தார். எதிர்வீட்டு மாமி இருந்தார். நான் இருந்தேன். கிரைண்டரும் இருந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து.

ஸ்ரீரங்கத்தில் அந்தக் கடைக்குச் சிமெண்ட் தரை போட்டவன் நான். போட்டு இரண்டு வருஷம்.

"என்ன கொத்தனாரே, தரை போட்டீங்களா, தோசை ஊத்துனீங்களா? நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. காலையில பாத்தா ஒரு கால் உள்ள இறங்கிருச்சு" என்றார் கடைக்காரர்.

மாமி வீட்டுக் கொல்லையில் துவைக்கிற இடத்துக்கு மறுநாள் நான் தரை போடுவதாகப் பேச்சு. அதற்காகத்தான் அவர் வந்து நின்றார். என் பெயரும் அந்தக் காலோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்து பார்த்தேன். நாலு காலுக்கும் ஒரே பாரம், ஒரே ஆட்டம். மூன்று காலுக்கு அடியில் தரை கல் மாதிரி இருந்தது. நாலாவது கால் தண்ணீர் ஓடும் பக்கம். அங்கே ஜல்லி பல்லைக் காட்டியது. அதே தண்ணீர் ஓடும் வழியில், கால் படாத இடத்தில் தரை சொரசொரப்பு மட்டும். குழி இல்லை.

"இங்க என்னங்க கழுவுறீங்க?"

"மிஞ்சின மாவு வாளி" என்றார் சம்சாரம்.

"புளிச்சதா?"

கடைக்காரர் முந்திக்கொண்டார். "நம்ம மாவு புளிக்காது. வாசல்ல போர்டே வச்சிருக்கேன்."

"புளிச்ச தண்ணி சிமெண்டை அரிக்கும். அரிச்ச இடத்துல கிரைண்டர் நின்னு குதிச்சா விரிசல் விடும். விரிசல்ல மறுபடியும் அந்தத் தண்ணி இறங்கும். ஏதாவது ஒண்ணுன்னா தரை தாங்கியிருக்கும். ரெண்டும் சேந்துச்சு, போச்சு."

அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

"ஒரே நாள்ல எப்படிங்க அரிக்கும்? உங்க கலவைதான் சரியில்ல" என்றார் கடைக்காரர்.

"போன வாரம் வாங்கின மாவு புளிச்சுதான் இருந்தது" என்றார் மாமி.

"நீங்க சும்மா இருங்க மாமி" என்றார் அவர்.

கடப்பாரையை அடியில் கொடுத்துக் கிரைண்டரின் காலைத் தூக்கினேன்.

"தூக்க வேண்டாங்க, விடுங்க" என்றார் கடைக்காரர். சம்சாரம் சுவரைப் பார்த்தார்.

குழிக்குள் கையை விட்டேன். மேலே அட்டை. அதற்குக் கீழே டைல்ஸ் துண்டு. அப்புறம் தேங்காய் ஓடு. செருப்பு அடி. மறுபடியும் அட்டை, மக்கிப்போனது. அதற்குக் கீழேயும் இப்படியே அடுக்கடுக்காக. கால் இறங்க இறங்க முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தேன்.

"நேத்துதானங்க இறங்குச்சு?" என்றேன்.

மாமி குனிந்து, விரல் நீட்டி வரிசையை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடுங்கோ" என்று என்னிடம் சொன்னார். பிறகு கடைக்காரரைப் பார்த்து எண்ணிக்கையைச் சொன்னார்.

பதினொன்று.