ஒரிஜினல் எண்டா வேணாம்

என்னிடம் இருக்கிற லைற்றர்கள் அத்தனையும் போலி. பெற்றோல் நிரப்பித் திரும்பத் திரும்பப் பாவிக்கிற, உலோக மூடி போட்ட அந்தப் பழைய மாதிரியைப் பார்த்துச் செய்தவை. நான் சிகரட் பிடிப்பவள் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பில்லில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. எதையும் ஒரு தரம் புரட்டிப் பார்க்காமல் நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை.

முதலாவது எங்கள் முதலாளியுடையது. கப்பல்காரன் ஒருவன் பரிசாகத் தந்ததென்று, வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து மூடிக் காட்டுவார். நான் அதைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் பொறித்திருந்த ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. “சேர், இது டூப்ளிகேட்” என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. பின்னேரம் அது குப்பைக் கூடைக்குள் கிடந்தது. எடுத்து வந்தேன். இவ்வளவு கவனமாக ஒரு பொய்யைச் செய்தவன், பெயரில் போய்ப் பிழைவிட்டிருக்கிறானே என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு பஸ் நிலையத்தடி நடைபாதையில் சாக்கு விரித்துக் கடை போடுகிற கிண்ணியா ஊர் முஸ்லிம் நானா ஒருவரிடம் வாங்கத் தொடங்கினேன்.

“இது ஒரிஜினல் மிஸ். மூடிச் சத்தத்தக் கேளுங்க.”

“ஒரிஜினல் எண்டா எனக்கு வேணாம்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப என்ன வேணும்?”

“டூப்ளிகேட்தான். பேர் பிழையா இருந்தா இன்னும் நல்லம்.”

அவருடைய பார்வை என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்குப் போனது. “மிஸ் எந்த ஒபிஸ்?” என்று மெல்லக் கேட்டார். சிரித்துவிட்டு வந்தேன். அதன்பின் நான் போனால் அவர் வாய் திறப்பதில்லை. கேட்டதை எடுத்துத் தருவார்; முகத்தைப் பார்க்க மாட்டார். இந்த மனிதர் எதையோ ஒளிக்கிறார் என்று நினைத்தேன்.

லைற்றர்களை அலுமாரிக்குள் ஒரு பிஸ்கட் பேணியில் வைத்திருந்தேன். மூடியின் பிணைச்சல் கோணியது, பொறி தட்டுகிற சில்லு விரலைக் கீறுவது, மூடி தகரம்போலச் சத்தமிடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. எதற்கும் நான் பெற்றோல் விட்டதில்லை. திரிகள் வெள்ளையாகவே இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேணியைத் திறந்தபோது, நங்கூரப் படம் போட்ட ஒன்றின் திரி கறுத்திருந்தது. சில்லை உருட்டினேன். குப்பென்று பற்றியது.

வீட்டில் இருப்பது நானும் என் மனுசனும்தான். நெஞ்சு நோவு வந்த பிறகு, இனிச் சிகரட்டைத் தொட்டால் தன்னிடம் வரவேண்டாம் என்று டொக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். மணத்தை வைத்தும் பிடிக்க ஏலாது. அவரும் தம்பியாரும் ஒரு படகு வைத்திருக்கிறார்கள். இயந்திரத்தைப் பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அந்த மணம் அவர் உடம்போடு ஊறியது. சட்டைப் பைகளைத் தடவினேன். தேத்தண்ணி கொடுக்கிறபோது விரல்களைப் பார்த்தேன்.

அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒபிஸ் எத்தனை மணிக்கு முடிகிறது, யார் யார் வந்து போகிறார்கள் என்று வழமையில்லாத கேள்விகள். தன் கள்ளத்தை மறைக்க என்னைக் கிண்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு நங்கூர லைற்றரையே பேணிக்குள் காணவில்லை.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் வேலை. சொல்லாமல் கடற்கரைக்குப் போனேன். படகு நிழலில், காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தியிருந்தார். கைக்குள் நெருப்பு. மணலில் வேகமாக நடந்து போய் முன்னால் நின்றேன்.

அவர் நைலோன் கயிற்றின் நுனியைச் சுட்டுக்கொண்டிருந்தார். பிரிந்து போகாமல் இருக்க அப்படி உருக்கி, கத்தியின் பக்கத்தால் அழுத்துவார்கள்.

“சிகரட் எங்க?” என்றேன்.

“என்ன சிகரட்?” லைற்றரை மூடினார். “நீ முதல் எனக்கு ஒண்டு சொல்லு. ஆர் உனக்கு இதுகளை வாங்கித் தாறது?”

எனக்கு விளங்கவில்லை. “ஆர் தாறது? நான்தான் வாங்கினனான். பஸ் ஸ்ராண்டடி நானாட்ட.”

“இந்த மாதிரி லைற்றர் விக்கிறது அந்தாள்தான் எண்டு போய்க் கேட்டனான். அப்பிடியொரு பொம்பிளையைக் கண்டதே இல்லையெண்டு சத்தியம் பண்ணுது.”

வலையைத் தட்டிக்கொண்டிருந்த தம்பியார் எழும்பி அப்பால் போனார்.

தந்தவன் பேர் ஏதும் வெட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் எடுத்தாராம். பேர் இல்லை. படகில் இருந்த பெற்றோலை விட்டு ஒருநாள் பற்றவைத்தபோது, கடல் காற்றுக்கு அது அணையவில்லை. கடையில் வாங்குகிற பிளாஸ்ரிக் லைற்றர் அந்தக் காற்றில் ஒரு கணமும் நிற்காது. பேணிக்குள் திருப்பி வைத்தவர், அதனால் கயிறு சுடவென்று மறுபடி எடுத்துக்கொண்டார். இத்தனை கிழமையாக அந்தச் சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டா எனக்கு முன்னால் இருந்து சோறு தின்றார்?

“எழும்புங்கோ. இப்பவே போவம்.”

எங்கள் இருவரையும் ஒன்றாகக் கண்டதும் நானா சாக்கின் மூலைகளைக் கூட்டிப் பிடித்தார்.

“நானா, என்னைத் தெரியுமோ, தெரியாதோ?”

“மிஸ், கேஸ் போட்டுறாதீங்க” என்றார். “போலிதான் வேணும் எண்டு ஒரு ஆள் கேட்டா நான் என்னத்த நினைக்கிற? பொறகு இவர் வந்து, அந்த மிஸ் இஞ்ச வாறவவோ எண்டு விசாரிக்கிறார். மிஸ் கடை செக் பண்ற விலைக் கட்டுப்பாட்டு ஆள், இவர் சிவில் உடுப்புல வந்த பொலிஸ் எண்டு நினைச்சிட்டன்.”

“நான் மீன் பிடிக்கிறவன்” என்றார் என் மனுசன்.

நானா அவருடைய கைகளைப் பார்த்தார். வெயிலில் காய்ந்து, கயிறு அறுத்த தழும்புள்ள கைகள். பிறகுதான் சாக்கை விட்டார். சிரித்தார், என் மனுசனும் சிரித்தார். தம்பியாருக்கும் ஒன்று வேண்டுமென்று அவர் குனிந்து தேட, உப்புக் காற்றுக்கு நிற்கக்கூடிய பிணைச்சல் எதுவென்று நான் பார்த்துக் கொடுத்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் கேட்பதற்கு முன்னால் தெருவில் இருக்கிற ஒருவரிடம் போய் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

ஓட்டோ பிடித்தோம். எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்புகிறபோது, “கோவமோ?” என்றார்.

“ஓம்.”

“எனக்கும்தான்” என்றார்.

அடுத்த நாள் காலைத் தேத்தண்ணியோடுதான் கதைக்கத் தொடங்கினோம்.