ஓட்டர் குளத்துக் கரும்பலகை

ஓட்டர் குளப் பூங்காவில் மலைசைக்கிள் ஓட்டுகிற எங்களுக்குக் கடவுளிடம்கூட அவ்வளவு பயம் கிடையாது. வெர்ன் என்றால்தான் பயம்.

வெர்ன் ஹெல்ஸ்டாட் முப்பது வருஷம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலச் சாலைகளில் குழி அளந்து ஓய்வு பெற்றவர். அளந்த கை சும்மா இருக்குமா? காட்டுக்குள் நாங்கள் ஊர்கூடி மண்வெட்டி பிடித்துப் போட்ட நாலு மைல் ஒற்றையடிச் சுற்றுப்பாதைக்குத் தன்னைத்தானே காவலராக நியமித்துக்கொண்டார். யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் அந்த வேலை நம் தலையில் விழும்.

எங்கள் ஊர் மார்ச் மாதம் பொல்லாதது. ராத்திரியில் மண் கல்லாக உறையும், வெயில் ஏறினால் களியாகும். அந்த நேரத்தில் சைக்கிள் போனால் சக்கரத் தடம் ஆழமாக விழுந்து அப்படியே காய்ந்து, கோடை முழுக்க எல்லோர் மணிக்கட்டையும் பதம் பார்க்கும். அதனால் வெர்ன் தினமும் மண்ணில் கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பார். விரல் இறங்கினால் பாதை மூடல். மீறி ஓட்டியவரின் பெயரையும் தேதியையும் பாதை வாசலில் இருக்கும் கரும்பலகையில் தன் கையாலேயே எழுதுவார். அந்த ஆளே மண்வெட்டியோடு வந்து தடத்தை மூட வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. மூடும்வரை பெயர் பலகையில் கிடக்கும். எங்கள் பாதிரியார் பெயரே ஒரு வாரம் கிடந்தது. அதுவும் ஈஸ்டர் வாரம்.

அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. சுற்றை எல்லோரையும் விட வேகமாக முடிப்பவர் பெயருக்கு மேலே கைபேசிச் செயலி ஒரு கிரீடம் வைக்கும். குண்டூசித் தலை அளவுதான். ஆறு வருஷம் அது வெர்னிடம் இருந்தது. போன அக்டோபரில் ஜோலீன் அதைப் பறித்துவிட்டாள், இரண்டே விநாடி வித்தியாசத்தில். ஜோலீன் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, நாற்பத்தாறு வயது, அடகுக்கடையில் வாங்கிய சைக்கிள்.

அன்று வண்டி நிறுத்துமிடத்தில் பியரும் பொரித்த சீஸும் கைமாறிக்கொண்டிருந்தன.

"காத்து உனக்குப் பின்னாடி இருந்துச்சு ஜோலீன், அதான்" என்றார் வெர்ன்.

"சுத்துப்பாதைல காத்து எப்படி வெர்ன் முழுக்கப் பின்னாடியே இருக்கும்? எனக்காகத் திரும்பித் திரும்பி வந்துச்சா?"

நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பைக் குளிர்காலம் முழுவதும் அவர் மறக்கவில்லை என்பது மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை தெரிந்தது.

அன்று பாதை மூடல். மதியம் நாலைந்து பேர் வெர்னோடு நடந்தே சுற்றிப் பார்க்கப் போனோம். தெற்குச் சரிவில் நாற்பதடி நீளத்துக்குப் புத்தம்புதுத் தடம்.

"எவன்டா இது?" வெர்ன் போட்ட சத்தத்தில் அணில் மரமேறிவிட்டது. மண்டியிட்டு அளவுகோலை எடுத்தார். "ரெண்டு அங்குலம்! மூடியிருக்குன்னு இவ்ளோ பெருசா எழுதி வச்சிருக்கேன். கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? இவனெல்லாம் மனுஷனா?"

ஜோலீன் பைன் மரத்தில் சாய்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெர்ன், இன்னிக்குக் காலைல ஒம்பதரைக்கு எங்க இருந்தீங்க?"

"வீட்டுலதான். முட்டை தின்னுக்கிட்டிருந்தேன்."

"எனக்கு ஒரு சேதி வந்திருக்கு. என் கிரீடத்தை வெர்ன் ஹெல்ஸ்டாட் பறிச்சிட்டாராம். இருபத்திநாலு நிமிஷம் ஒம்பது விநாடி. முட்டைய ரொம்ப வேகமாத் தின்னிருக்கீங்க."

வெர்ன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்கே ஓட்டினாலும் அதுவே நேரத்தை அளந்து செயலியில் போட்டுவிடும். கிரீடம் பறிபோனவருக்குச் சேதியும் போய்விடும். அக்டோபரில் அந்தச் சேதியை வாங்கிய மனுஷனே அதை மறந்துவிட்டார்.

"வாசல்ல மண்ணு கல்லு மாதிரி இருந்துச்சு" என்றார், குரல் இறங்கி. "விரல் இறங்கல, சத்தியமா."

"வாசல் நிழல்ல இருக்கு. தெக்குச் சரிவுதான் முதல்ல இளகும்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே?"

அறுபத்தொரு வயது ஆள் சேற்றில் மண்டியிட்டு இருந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஜோலீனுக்கும் மனசு இளகிவிட்டது.

"சரி, விடுங்க. அந்த ஓட்டத்தை அழிச்சிருங்க, கிரீடம் என்கிட்டத் திரும்பிரும். தடத்தை மூடிருங்க. போர்டுல எழுத வேணாம். நாங்க யாரும் வாயத் திறக்க மாட்டோம்."

எல்லோரும் தலையாட்டினோம். வெர்னின் கட்டைவிரல் கைபேசிக்கு மேலே நெடுநேரம் நின்றது. இறங்கவில்லை. கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, எழுந்து, விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். சுண்ணக்கட்டியை எடுத்துத் தன் பெயரைக் கோணாமல் எழுதினார். தேதியையும் எழுதினார். மானஸ்தன் என்றால் இவன்தான் என்று நினைத்தேன். ஜோலீன் தொப்பியைக் கழற்றிவிட்டாள்.

அவர் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கவில்லை. அந்தப் பலகையில் அதுவரை யாருக்கும் எழுதாத ஒன்றைப் பெயரைவிடப் பெரிதாக எழுதினார்: 24 நிமிடம் 9 விநாடி.

ஜோலீன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

இப்போது ஜூன். வெர்ன் இன்னும் மண்வெட்டியைத் தொடவில்லை. தடத்தை மூடினால் பலகையைத் துடைக்க வேண்டுமே. அந்தச் சரிவில் இறங்கும்போதெல்லாம் எங்கள் மணிக்கட்டு வலிக்கிறது.