ஒரு வீடு மட்டும் பாக்கி

தையல்காரம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள். நாளைக்குத் தருகிறேன் என்று சொன்னால் நாளைக்கே தைத்துத் தருவாள். தையல்காரர்களில் இப்படி ஒருத்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அப்பேர்ப்பட்டவள் அரசாங்கத்திடம் மாதக்கணக்கில் பொய் சொன்னாள். அதுவும் கக்கூஸ் விஷயத்தில்.

தெருவின் கடைசி வீடு அவளுடையது. ஒரே அறை, அதன் நடுவில் தையல் மெஷின், சுவரோரம் ஒரு கட்டில், கட்டில் மேல் வெட்டிப் போட்ட பள்ளிச் சீருடைகள். கணவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. மகள் கல்யாணமாகித் தூரத்து நகரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அந்தப் பக்கம் குழந்தை அழும், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாள். துணி கொண்டுவருகிறவர்களோ அளவுச் சட்டையை நீட்டிவிட்டு வாசலோடு திரும்பிவிடுவார்கள். நாள் முழுக்க அவளோடு பேசுவது அந்த மெஷின்தான். அதற்கும் எண்ணெய் விட்டால் சத்தம் அடங்கிவிடும்.

கழிப்பறைகள் வருவதற்கு முன்னால் அப்படி இல்லை. விடிவதற்குள் எதிர்வீட்டு நெட்டை வந்து ஜன்னலைத் தட்டுவாள். உயரமாக இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பின்னாலேயே பால்காரம்மா, வாத்தியார் வீட்டு மருமகள். நாலு பேரும் ஆளுக்கொரு செம்புத் தண்ணீரோடு செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டுக்குப் போவார்கள். அதில் சுகம் ஒன்றும் இல்லை. மழையில் சேறு, கோடையில் பாம்பு, எந்தக் காலத்திலும் டார்ச் அடித்துப் பார்க்கிற தடியன்கள். பகலில் வயிறு கலக்கினால் இருட்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். அவதிப்பட்ட பெண்கள் யாரும் அந்தக் காலம் போல வருமா என்று பேசுவதில்லை. அப்படிப் பேசுகிற ஆண்பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் போகும்போதும் வரும்போதும் பேச்சு இருந்தது. பால்காரம்மா தன் புருஷனைக் கிழிகிழியென்று கிழிப்பாள். வாத்தியார் மருமகள் வீட்டில் வாயே திறக்காதவள். சூளையைத் தாண்டியதும் மாமியார் நடப்பது, தும்முவது, கதவு மூடுவது எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவாள். தையல்காரம்மாவும் அப்போது விழுந்து விழுந்து சிரிப்பாள். வயிறு காலியாகி, மனசு நிறைந்து வீடு திரும்பினால், மிச்சப் பொழுதை மெஷினோடு ஓட்டிவிடலாம்.

பிறகு வீட்டுக்கொரு கழிப்பறை என்று திட்டம் வந்தது. ஒலிபெருக்கி வைத்த வண்டி, அதிகாரிகள், மானியம், மேஸ்திரி என்று ஊரே அமளிப்பட்டது. தையல்காரம்மாவுக்கும் சந்தோஷம்தான். மேஸ்திரிக்கு டீ போட்டுக் கொடுத்துக் கூடவே நின்று கழிப்பறைக்கான இரண்டு குழிகளையும் தோண்டவைத்தாள், தரையில் தண்ணீர் தேங்காமல் வாட்டம் பார்த்துப் பூசவைத்தாள். வேலை முடிந்த மறுநாளே உள்ளே போய்வந்தாள். கை கால் கழுவிவிட்டு வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்தாள். யாரும் தட்டவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இனிமேல் தட்டமாட்டார்கள் என்று. யார்மேலும் குற்றமில்லை. நெட்டைக்கு இன்னும் கொஞ்சம் தூக்கம் கிடைத்தது, பால்காரம்மாவுக்கு மாட்டைக் கவனிக்க நேரம் கிடைத்தது. இவளுக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் ரொம்ப நீளமாகிவிட்டது.

ஒருமுறை காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். முன்பென்றால் கொஞ்சம் தாமதித்தாலே ஜன்னலை உடைக்கிற மாதிரி தட்டியிருப்பார்கள். இந்தத் தடவை எட்டிப் பார்த்தது சீருடைக்கு வந்த ஒரு ஆள்தான். இன்னும் ஆகவில்லையா என்று அலுத்துக்கொண்டு அவனும் போய்விட்டான். தான் செத்துக் கிடந்தாலும் துணி கேட்டுத்தான் யாராவது வருவார்கள் என்று நினைத்து அன்றைக்கு அழுதாள்.

அந்த வாரம்தான் விசில் வந்தாள். கட்டிய கழிப்பறையில் மக்கள் போகிறார்களா என்று பார்க்க அரசாங்கம் அமர்த்திய பெண் அவள். இருட்டோடு வந்து, வெளியே ஒதுங்குகிறவர்களைக் கண்டால் விசில் ஊதுவாள். அதனால் அதுவே பெயராகிவிட்டது. வீடு வீடாக நின்று, பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டு போனில் குறித்துக்கொண்டு வந்தாள். தையல்காரம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொன்ன வீடுகளில் விசில் நிற்கவே இல்லை. நெட்டையின் மாமனார் மட்டும், அந்தப் பெட்டிக்குள் என்னால் உட்கார முடியாது என்று முறுக்கிக்கொண்டார். அவரிடம் அவள் படியில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினாள். போகும்போது, நாளைக்கும் வருவேன் தாத்தா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தையல்காரம்மாவின் முறை வந்தது. விசில் கேட்டாள். இல்லை என்று சொன்னாள் தையல்காரம்மா.

மறுநாள் விடிவதற்கு முன்னால் கதவு தட்டப்பட்டது. அதன் பிறகு தினமும். ஏன் போகவில்லை என்று விசில் கேட்பாள், இவள் தினம் ஒரு காரணம் சொல்வாள். மூச்சு முட்டுகிறது என்பாள், பல்லி இருக்கிறது என்பாள், தாழ்ப்பாளைப் போட்டால் படபடப்பு வருகிறது என்பாள். விசில் பொறுமையாக எடுத்துச் சொல்வாள். கூடவே பேச்சு எங்கெங்கோ போகும். விசில் தூங்குகிற பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள். போகிற இடத்திலெல்லாம் கரித்துக்கொட்டுகிறார்கள், ஒருத்தன் நாயை அவிழ்த்தே விட்டானாம். ஒரு வாய் டீ கொடுக்கிற வீடு இது ஒன்றுதான் என்றாள். அன்றையிலிருந்து தையல்காரம்மா அவளுக்காகப் பாலைக் கொஞ்சம் கூடவே வாங்கினாள்.

நெட்டையின் மாமனாரும் வழிக்கு வந்துவிட்டார். ஊர் முழுக்க ஆயிற்று, ஒரு வீடு மட்டும் பாக்கி. அந்த ஒரு வீட்டால், வெளியே யாரும் ஒதுங்காத ஊர் என்ற அரசாங்கச் சான்று வராது, சான்று வந்தால் கிடைப்பதாகச் சொன்ன தண்ணீர்த் தொட்டியும் வராது. தெருவே தையல்காரம்மாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. நெட்டை நடுத்தெருவில் நின்று, எல்லாருக்கும் ஒரு நியாயம் உங்களுக்கு ஒரு நியாயமா என்று கேட்டாள். துணி வருவது குறைந்தது. தையல்காரம்மா இல்லை என்பதிலேயே நின்றாள். கிடைத்த ஒரு கதவுத் தட்டலுக்காக மிச்சம் இருந்த எல்லாக் கதவுகளையும் இழந்துகொண்டிருந்தாள். அது அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் விட முடியவில்லை.

ஒருநாள் காலையில் நல்ல மழை. விசில் டீயைக் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி, தனக்கே அவசரமாக இருக்கிறது, கழிப்பறைக்குப் போய்க்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் கழிப்பறை பற்றிச் சொல்கிறவளுக்கு வழியில் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? போனவள் திரும்பி வர நேரமாயிற்று. பூட்டிக் கிடந்து ஒட்டடை பிடித்திருக்கும் என்று எதிர்பார்த்திருப்பாள். உள்ளே தரை பளிச்சென்று இருந்தது. வாளியில் தண்ணீர், தேய்ந்துபோன சோப்பு, ஓரத்தில் சாய்த்து வைத்த பிரஷ்.

"அக்கா, எத்தனை நாளா உள்ளே போறீங்க?"

"மொத நாள்லேருந்து."

விசிலுக்குக் கண் கலங்கிவிட்டது, கோபத்தில்தான். "என்னை ஏன்க்கா இப்படி அலைய விட்டீங்க? இந்த ஒரு வீட்டுக்காக ஆபீசுல தினம் திட்டு வாங்குறேன். வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வர்றாரு. அன்னைக்கும் இல்லைன்னா என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க."

தையல்காரம்மா அவள் குடித்த டம்ளரை எடுத்து வைத்தாள்.

"ஆமான்னு சொன்ன வீட்டுக்கு நீ மறுபடி போறதில்லையேம்மா. காலையில ஒருத்தி வந்து கதவைத் தட்டணும்னு இருந்துச்சு. வேற ஒன்னும் இல்ல."

விசில் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் வந்தாள், கதவைத் தட்டினாள், டீ குடித்தாள். கழிப்பறையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். பின்னால் தெருவே திரண்டு நின்றது. பயன்படுத்துகிறீர்களாம்மா என்று கேட்டார். விசில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர, ஜாடை எதுவும் காட்டவில்லை. தையல்காரம்மா அவளை ஒரு தரம் பார்த்தாள். பயன்படுத்துகிறேன் என்றாள். தெரு கைதட்டியது. அதிகாரி அவளைக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு விசில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நான் வருவேன்க்கா, வேலை இல்லாவிட்டாலும் வருவேன் என்றாள். பாவம், மனசாரத்தான் சொன்னாள். அடுத்த வாரமே அவளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர்களுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே விடிவதற்குள் போய்ச் சேர வேண்டுமானால் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

தெரு திரும்ப முகம் கொடுத்துப் பேசியது. துணியும் வந்தது. எல்லாம் பகலில், வாசலோடு. விடியற்காலையில் மட்டும் தையல்காரம்மா விழித்துக்கொண்டு கதவையே பார்த்துப் படுத்திருப்பாள். சில நாள் அப்படி இருந்து பார்த்தாள். ஒருநாள் முடியவில்லை. எழுந்து போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நெட்டை வாயில் பல் பிரஷோடு கதவைத் திறந்தாள். இந்த நேரத்தில் இவளை எதிர்பார்க்காததால் பதறிப்போய், என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை. பேச ஆள் இல்லை என்பதைக் காரணமாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தையல்காரம்மா நின்றாள்.

நெட்டையே கேட்டாள்: "என்னக்கா, உங்க கக்கூஸ் அடைச்சிக்கிச்சா?"

"ஆமா," என்றாள் தையல்காரம்மா.

"அதுக்கு ஏன் வெளியிலேயே நிக்கிறீங்க? உள்ளே வாங்க. சரியாகுற வரைக்கும் தினம் இங்கேயே வந்துட்டுப் போங்க."

தையல்காரம்மா படியேறினாள்.

"சரியாக ரொம்ப நாளாகும் போல இருக்கு," என்றாள்.