பச்சை கேட் வீட்டு ரவுட்டர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில், திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கே ஒரே ஒரு தொலைபேசிதான், எதிர்வீட்டில். விழுப்புரத்தில் எனக்கு நிச்சயம் செய்திருந்த பெண் அதில்தான் கூப்பிடுவாள். எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "தம்பி, உன் பொண்ணு லைன்ல இருக்குது, ஜல்தி வா!" என்று தெருமுனை வரை கேட்கக் கத்துவார். நான் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து பேர் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) உரிக்கிற சாக்கில் போனைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். 'ம்', 'சரி' தவிர நான் எதுவும் பேசியதில்லை. கல்யாணமாகி வந்தவள், மல்லாட்டை உரித்தவர்கள் அத்தனை பேரோடும் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டாள். எனக்கோ அன்று பிடித்த எரிச்சல் இன்னும் விடவில்லை. என் வீட்டு விஷயம் என் வீட்டோடு இருக்க வேண்டும்.

இருபது வருஷம் கழித்து எல்லோர் பையிலும் போன் வந்த பிறகு, அந்த அக்காவின் வேலையைக் கேபிள்காரர் எடுத்துக்கொண்டார். டிவி லைனோடு நெட்டும் கொடுத்தார். ரவுட்டரும் அவருடையதுதான். தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு, அவருடைய செல் நம்பர். மறக்காது பாருங்கள் என்பார்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. (இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நான் பொய் எழுதுவதாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே நீங்கள் கலங்க வேண்டாம்.) பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்க்க இரண்டு வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமை நாள் கொடுத்தார்கள். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்தோம். செய்தோம் என்ன, நான் செய்தேன். அவள் தலையாட்டினாள். இருவரும் மாறி மாறி நெட்டில் தேடினோம்.

மூன்றாம் நாள் கேபிள்காரர் எங்கள் பச்சை கேட் அருகே வண்டியை நிறுத்தினார்.

"சார், உங்க லைன்ல ஆஸ்பத்திரி சைட்டாவே போய்க்கினு இருக்குது. யாருக்கு உடம்பு செரியில்ல?"

"ஆபீஸ் வேலை" என்றேன். நான் விழுப்புரத்தில் நில அளவை ஆபீசில் குமாஸ்தா. நிலத்துக்குக் கட்டி வருமா என்று அவர் கேட்கவில்லை. பாவம் பார்த்து விட்டுவிட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

அன்றே ஆராய்ச்சியில் இறங்கினேன். ரவுட்டரை மாற்றினால் மட்டும் போதாது, நாம் எந்தத் தளத்தைக் கேட்கிறோம் என்பது எப்படியும் அவர் வழியாகத்தான் போகும் என்று தெரிந்தது. அந்தக் கேள்விகளையும் சங்கேதமாக்கி அனுப்பும் ரவுட்டர் வேண்டும். அதற்குக் கம்பெனி போட்ட மென்பொருளை அழித்துவிட்டு, யாரும் பிரித்துப் படிக்கக்கூடிய திறந்த மென்பொருளை ஏற்ற வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் அதில் கள்ளம் இருக்காதாம். நான் ஒரு வரி படிக்கவில்லை. யாரோ விவரம் தெரிந்தவர்கள் படித்திருப்பார்கள் என்று நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் விசுவாசப் பிரமாணம் சொல்வதும் அப்படித்தானே.

சிக்கல் என்னவென்றால், ஒரே மாடலில் ஒரு வெர்ஷன் இந்த மென்பொருளை ஏற்கும், அடுத்தது ஏற்காது. எட்டு எம்பி நினைவகம் இருந்தால் சரி, நாலு என்றால் ஆகாது. பெட்டியின் அடியில் எறும்பளவு எழுத்தில் வெர்ஷன் போட்டிருக்கும். விழுப்புரம் கடையில் இருந்த பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தேன்.

"இன்னா சார், முத்தாத கத்திரிக்கா பொறுக்குற மாதிரி பொறுக்குறீங்க? எல்லாத்துலயும் வைஃபை வரும் சார்" என்றார் கடைக்காரர்.

மூன்று சாயங்காலம் அலைந்து சரியான வெர்ஷனைப் பிடித்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோதுகூட அதை மடியிலிருந்து இறக்கவில்லை. வீட்டில் மென்பொருளை ஏற்றும்போது கரண்டு போனால் ரவுட்டர் வெறும் செங்கல்தான், எதற்கும் உதவாது என்று நெட்டில் எச்சரித்திருந்தார்கள். பெட்டியின் விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வேணும்னா மாதாகிட்ட ஒரு மெழுகுவத்தி ஏத்தட்டுமா, அதுக்கு?" என்றாள் மனைவி. 'அதுக்கு' என்பதில் இருந்த அழுத்தம் எனக்கு அன்று விளங்கவில்லை. கட்டி அவளுக்கு, காவல் நெட்டுக்கு என்று பத்து நாள் போயிருந்தது.

ரவுட்டர் வேலை செய்தது. இனி கேபிள்காரர் தலைகீழாக நின்றாலும் எங்கள் வீட்டில் என்ன தேடுகிறோம் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நிமிர்ந்த நெஞ்சோடு பூசைக்குப் போனேன்.

எங்கள் கோவிலில் பூசை தொடங்குமுன், மக்கள் எழுதிக் கொடுத்த வேண்டுதல் கருத்துகளை மைக்கில் வாசிப்பார்கள். நன்றிக்காக, பரீட்சைக்காக, இறந்தவர்களுக்காக. கோபுரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அதை எதிர் டீக்கடைக்கும் சேர்த்துச் சொல்லும். அன்று நான்காவதாக வந்தது: "வரும் வியாழக்கிழமை மார்புக் கட்டிக்காகப் பரிசோதனை செய்துகொள்ள இருக்கும், மூன்றாம் தெரு பச்சை கேட் வீட்டுச் சகோதரியின் உடல்நலனுக்காக."

கோவிலே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "யாரைக் கேட்டு எழுதிக் கொடுத்த?"

"யாரையும் கேக்கல. பத்து நாளா நீங்க அந்தப் பொட்டியையேதான் பாத்துக்கினு இருந்தீங்க. நான் பயந்துக்கினு கெடந்தேன். அது எங்கூட பாண்டிச்சேரிக்கு வருமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும்.

அன்று சாயங்காலம் முதலில் கேட்டைத் திறந்தவர் கேபிள்காரர். டீக்கடையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஒலக்கூரிலிருந்து அவருடைய அம்மாவை வண்டியில் அழைத்து வந்திருந்தார்.

"அம்மாவுக்கும் நாலு வருஷம் முன்னாடி இதேதான் சார். அப்ப நானும் இந்த சைட்டுங்களதான் பாத்துக்கினு கெடந்தேன். உங்க லைன்ல பாத்ததும் பக்குனு ஆயிடுச்சி. அதான் அன்னிக்கு கேட்டேன்."

அவர் எட்டிப் பார்த்தது தப்புதான். அதை இன்றும் சொல்வேன். ஆனால் அன்று அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன்.

அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வாம்மா உள்ள, தழும்ப காட்டுறேன்" என்று அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு என் மனைவி அழுவது கேட்டது. அதற்கும் பிறகு, பத்து நாளில் முதல் தடவையாக, சிரிப்பது கேட்டது. நான் மெல்ல எழுந்து போய்க் கதவில் காதை வைத்தேன். ஒரு வார்த்தையும் புரியவில்லை. கேபிள்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.