ஆள் பாரம்

சவர்க்காரத் தண்ணீரில் முக்கிய புது ரப்பர் புஷ்ஷை இன்று என் பழைய காரின் சக்கர மூட்டில் அழுத்தி ஏற்றும்போது எழுந்த வாசம், கொட்டகலைப் பக்கம் இப்போது இடிக்கப்பட்டுத் தேயிலைச் செடிகளாகிவிட்ட எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

தோட்டத்து லொறி ட்ரைவரான அப்பா அங்கே தன் காருக்கு புஷ் மாற்றும்போதெல்லாம், சக்கரங்களைத் தட்டைக் கற்களில் இறக்கி நிறுத்திவிட்டு, அடியில் படுத்தபடி, "ஆள் பாரம் ஏறுனாத்தான் போல்ட்டை இறுக்கலாம், இல்லாட்டி ரப்பர் முறுக்கிக் கிழிஞ்சிரும், எல்லாரும் வந்து ஏறுங்க" என்று லயத்தையே கூப்பிடுவார். கொழுந்தெடுத்துவிட்டு மலையிறங்கிய பெண்கள் கூடையைக் கழற்றி வைத்து, சேற்றுக் காலைக் கழுவி, கோயிலுக்குள் நுழைவதுபோல் ஏறுவார்கள். கார் முனகிக்கொண்டே தாழும். பக்கத்துக் காம்பரா வீட்டு மாரியாயி அத்தை கண்ணாடி வழியே பனிமூட்டத்தைப் பார்த்தபடி, "மெதுவா இறுக்குங்கண்ணே, இப்பத்தான் நுவரெலியா தாண்டுறோம்" என்பார். நான் வாசற்படியில் மூச்சடக்கி நின்று, நகராத அந்தக் கார் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்று போல்ட்டை இறுக்கும் முன் நாலு அரிசி மூட்டைகளை ஏற்றினேன். பாரம் சரியாகத்தான் இருந்தது. கார் எங்கும் போகவில்லை.