நகரி என்பது ஓர் ஊர்

திருப்பதி ரயிலுக்காக நகரி ஸ்டேஷனில் நின்றிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. சேலை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். "நெட்ல போட்டா வராது சார். ஸ்டேஷனாண்ட எறங்கி யார வேணா கேளு." இத்தனை தறி ஓடுகிற ஊர் நெட்டில் வராதா? அங்கேயே தேடினேன். 'நகரி நெசவு' என்று ஆங்கில எழுத்தில் ஓர் இணைய முகவரி யாரும் எடுக்காமல் கிடந்தது. ரயில் புத்தூர் தாண்டுவதற்குள் வாங்கிவிட்டேன்.

திருப்பதி ஹாஸ்டலில் என் அறைத்தோழி சித்தூர்க்காரி. "பார்க் சேசேய்வே, ஊரிகே டப்புலொஸ்தாயி" என்றாள். சும்மா இருந்தாலே காசு வருமாம். முகவரியை ஒரு பார்க்கிங் கம்பெனியிடம் விட்டுவிட்டால், அதைத் தேடி வருகிறவர்களுக்கு அவர்களே விளம்பரம் காட்டுவார்கள். யாராவது விளம்பரத்தைத் தொட்டால் நமக்கு ஒரு பங்கு. சொந்தமாகத் தளம் கட்டுவதென்றால் போட்டோ எடுக்க வேண்டும், எழுத வேண்டும், சர்வரில் இடத்துக்கு வாடகை கட்ட வேண்டும், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எம்.சி.ஏ. பரீட்சை வேறு. பார்க்கிங்கில் விட்டேன். அடுத்து வாங்க வேண்டிய பெயர்களுக்கு, பலமனேர் தக்காளி, சந்திரகிரிக் கோட்டை என்று பட்டியல்கூடப் போட்டேன்.

அத்தையிடம் போனில் பெருமையடித்துக்கொண்டேன். நைனாவின் அக்கா அவள். நகரியில் ஆறு விசைத்தறி ஓட்டுகிறாள். "அத்தே, நம்ம ஊருக்கு நெட்ல பேர் வாங்கிட்டேன்." ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கொண்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து போன்.

"இன்னாடி பண்ணி வெச்சிக்கிற? பேர் வாங்கிட்டேன்னு சொன்னியே, இதான் நீ வாங்குன பேரா?"

கட்டைப்பைகளில் அந்த முகவரியை அச்சடித்துவிட்டிருந்தாள்! பேர் வாங்கினால் கடை திறந்தாயிற்று என்று நினைத்திருக்கிறாள். அதில் என்ன தப்பு? எங்கள் தெருவில் போர்டு மாட்டின இடத்தில் கடை இருக்கும். திருப்பதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் புது ஆர்டர் கேட்டுப் போனவள், பையை நீட்டி, "நெட்லயே பாருங்க" என்றிருக்கிறாள். முதலாளி போனில் திறந்தார். இந்தி எழுத்துரு இலவசம், பத்தே நாளில் இந்தி, கீழே ரம்மி.

"'ஏமம்மா, சீரலு அம்முதாவா, இந்தி நேர்பிஸ்தாவா'ன்னு கேக்கறான்டி. நான் சேலை விக்கறவளா, இந்தி டீச்சரா? கடையாளுங்கெல்லாம் சிரிக்கறாங்க. சேலைய விரிக்கவே உடல. மொதல்ல இத்த சரி பண்ணிக்கினு வான்னுட்டான். ஆயிரம் பை அடிச்சிக்கிறேன். அத்தினியும் இன்னா பண்றது, துன்றதா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆங்கில எழுத்தில் நகரி என்றால், விளம்பரம் தேர்ந்தெடுக்கிற அந்த இயந்திரத்துக்கு அது இந்தி எழுதுகிற நாகரி லிபி. 'நெசவு' என்ற சொல்லோ அதற்குத் தெரியவே தெரியாது. ஊர் தெரியாது, தொழில் தெரியாது, ஆனால் எங்கள் ஊர்ப் பெயரில் கடை விரிக்கும்! கம்பெனிக்கு எழுதினேன். விளம்பரங்கள் தாமாகவே தேர்வாகின்றன என்று பதில். தாமாகவா? ரம்மியைத் தடுத்தேன், மறுநாள் அந்த இடத்தில் கடன் ஆப். 'தூங்கும்போதும் சம்பாதிக்கலாம்' என்று வீடியோ போடுகிறார்களே, அவர்களில் ஒருவராவது நாம் தூங்கும்போது நம் வாசலில் எவன் நிற்பான் என்று சொன்னார்களா? இத்தனைக்கும் என் பங்காக ஏறியிருந்தது ஒரு டீக்குக் காணாது. அதுவும் அத்தையின் வாடிக்கையாளர்கள் சேலை தேடி வந்து எதையோ தொட்ட காசாகத்தான் இருக்கும்.

கோபம் என்மேலும்தான். பார்க்கிங்கே மோசம் என்று சொல்லவில்லை. யாரும் தேடி வராத பெயர், விலைக்குப் போகும்வரை அங்கே கிடக்கட்டும். தேடி வர ஆள் இருக்கிற பெயரை அங்கே விட்டது சோம்பேறித்தனம். அதற்கு நான் 'வருமானம்' என்று பெயர் வைத்திருந்தேன்.

இனி நானே தளம் கட்டுகிறேன் என்று அறைத்தோழியிடம் சொன்னேன். "சரி, கட்டு. உனக்கு யார் காசு கொடுப்பா?" என்றாள் தோழி. நியாயமான கேள்வி. அத்தையிடமே கேட்டேன், தளம் வழியாக விற்கிற சேலைக்கு எனக்கொரு பங்கு உண்டா என்று.

"மொதல்ல பண்ணு. சேலை போச்சின்னா குடுக்கறேன். போலன்னா, ஆயிரம் பையும் உன் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை."

இன்று காலை பெயரைப் பார்க்கிங்கிலிருந்து எடுத்துவிட்டேன். சனிக்கிழமை முதல் ரயிலில் நகரி. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே பக்கம்: தறியில் ஓடுகிற சேலைகள், விலை, அத்தையின் நம்பர், மேலே தமிழ், கீழே தெலுங்கு. தறிச் சத்தத்தோடு சின்னதாக ஒரு வீடியோவும் வைக்கலாமா என்று பார்க்கிறேன். அத்தை திங்கட்கிழமை மறுபடி அந்த ஜவுளிக்கடைக்குப் போகிறாள். நானும் போகிறேன். முதலாளியை அவர் போனிலேயே திறக்கச் சொல்லப்போகிறேன்.