ஈறுக்கு மருந்து

யுத்த காலம். பெட்ரோலு கெடைக்காம கரி பஸ் ஓடிக்கிட்டிருந்த வருசம். தருமபுரி டாக்டரு என் வாயைத் தொறக்கச் சொல்லி, கீழ் முன்பல்லு நாலையும் ஒவ்வொண்ணா ஆட்டிப் பாத்தாரு. "நாலும் போகணும்மா. மரத்துப்போற ஊசி தீந்துபோச்சு, வர ஒரு மாசம் ஆகும். அப்ப வா"ன்னாரு. அவ்வளவுதான்! எனக்கு வயசு இருபத்திமூணு. இருபத்திமூணு வயசுல பொக்கை வாயா! காரிமங்கலம் வந்து எறங்கற வரைக்கும் முந்தானையை வாயில இருந்து எடுக்கல.

ரெண்டாவது புள்ள பொறந்ததுல இருந்தே ஈறு வீங்கும், ரத்தம் கசியும். வாய் நாத்தம் வேற. அந்த நாத்தம் போகட்டும்னு செங்கல்லை இடிச்சு, துணியில சலிச்சு, விரலால அழுத்தி அழுத்தித் தேய்ப்பேன். தேய்க்கத் தேய்க்க ரத்தம் வரும். ரத்தம் வர வர இன்னும் அழுத்துவேன். என் புத்தி அப்படி! கேவுரு களியை முழுங்கியே ரெண்டு வருசம் ஓட்டினேன். வறுத்த கடலைக்காய் இருந்த பக்கம் தலைவெச்சுப் படுக்கல. பேசறதுன்னா முந்தானைக்குள்ள பேச்சு. சிரிப்பு வந்துட்டா கிணத்தடிக்கு ஓட்டம்.

என் வூட்டுக்காரரு வாயில்லாப் பூச்சி. நாலு பேரு நிக்கற எடத்துல அவருக்குக் குரலே எழும்பாது. அவரே மறுநாள், "சந்தைக்கு மலையில இருந்து வேரு, பட்டை எல்லாம் கொண்டாந்து விக்கற பொம்பள ஒருத்தி வரா. ஊசி வர்றதுக்குள்ள கேட்டுப் பாத்துடறேன்"ன்னு கெளம்பினாரு. எனக்குன்னா சந்தோசம் தாங்கல. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே காலு ஓஞ்சுபோச்சு.

மத்தியானம் கையில பொட்டலத்தோட வந்தாரு. முகமெல்லாம் பல்லு.

"நல்லா தேய்ச்சு, கொஞ்ச நேரம் ஊற வெச்சு, அலசணுமாம். மூணே தடவை! எவ்வளவு நாள் தொந்தரவா இருந்தாலும் போயிடுமாம். கண்ணுல மட்டும் படக்கூடாதாம்."

கண்ணைப் பத்தி யாரு யோசிச்சா? ஒரு சிட்டிகை எடுத்து ஈறுல வெச்சு ஒரு இழு இழுத்தேன். அய்யய்யோ! கசப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். கண்ணுல பொலபொலன்னு தண்ணி. துப்பிட்டு, மோரை அள்ளி அள்ளிக் கொப்புளிச்சேன். எரிச்சல் அடங்க சாயங்காலம் ஆச்சு. வாய்க்குப் போடற மருந்து கண்ணுல எப்படிப் படும்னு அப்பத்தான் மண்டையில உறைச்சுது.

"நீங்க என்னான்னு சொல்லிக் கேட்டீங்க?"ன்னேன்.

"ஈறுன்னுதான் கேட்டேன்"ன்னாரு, பாவமா.

அடுத்த சந்தைக்கு நானே போனேன். கோபம்னா அப்படி ஒரு கோபம்! அந்தப் பொம்பளைக்கு என் வயசுதான் இருக்கும். பட்டைகளை அடுக்கிக்கிட்டிருந்தா. பொட்டலத்தை அவ முன்னாடி விட்டெறிஞ்சேன். இவரு எனக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டாரு.

"இதான் நீ ஈறுக்குக் குடுக்கற மருந்தா?"

அவ பொட்டலத்தைப் பிரிச்சு மோந்து பாத்தா. "ஏன், இன்னும் உதிரலியா?"

"என்னாது உதிரணும்? என் பல்லா?"

"பல்லா? தலையில இருக்கற ஈரும் பேனும்! இது சீத்தாக்கொட்டைப் பொடி. இதைப் போயி வாயிலயா வெச்ச?"

அப்பத்தான் எல்லாம் வெளங்கிச்சு. பல்லடியில இருக்கறதும் பேன் இடற முட்டையும் எங்க ஊருப் பேச்சுல ஒரே ஈறுதான். வூட்டுக்காரி வாயி நாறுதுன்னு சந்தையில எப்படிச் சொல்றதுன்னு கூச்சப்பட்டு, இந்த மனுசன் குனிஞ்சு அவ காதுகிட்ட 'ஈறு'ன்னு முணுமுணுத்துட்டு வந்திருக்காரு. அவளும் வூட்டுப் பொம்பளைக்குப் பேன் தொல்லை போலன்னு, பரிதாபப்பட்டு ரெண்டு கை கூடவே அள்ளிப் போட்டிருக்கா.

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு சிரிப்பு. ஓடறதுக்கு அங்க கிணத்தடி ஏது? சந்தைக்கு நடுவுல, வயித்தைப் புடிச்சுக்கிட்டு, வாயை அகலமாத் தொறந்து சிரிச்சேன். அவளும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே வந்தவ சட்டுன்னு என் தாடையைப் புடிச்சு, வெளிச்சத்துப் பக்கம் திருப்பினா.

"எதை வெச்சுப் பல்லு தேய்க்கற?"

"செங்கல்லு."

"நல்லா இருக்குது! சொவத்துக்கு வெக்கற செங்கல்லை வாய்க்கு வெச்சா ஈறு எப்படி நிக்கும்? மொதல்ல அதைத் தூக்கிக் கடாசு"ன்னு திட்டிட்டு, ஒரு கட்டு கருவேலம்பட்டையைக் கையில திணிச்சா. தட்டித் தண்ணியில கொதிக்க வெச்சு, ஒரு கல்லு உப்புப் போட்டு, வெதுவெதுன்னு காலையும் சாயங்காலமும் கொப்புளிக்கணும். "இதைச் செய்யறேன்னு டாக்டரு கிட்டப் போகாம இருந்துடாத. போயித்தான் ஆகணும்"னும் சொன்னா.

வேளை தவறாம கொப்புளிச்சேன். துவர்ப்புல நாக்கே தடிச்சுப்போன மாதிரி இருக்கும். பத்து நாள்ல எச்சில்ல சிவப்பு கொறைஞ்சுது. இருவது நாள்ல இல்லவே இல்ல! பல்லு ஆட்டம் கொறைஞ்சுதான்னு நாக்கால தள்ளித் தள்ளிப் பாப்பேன். அதைக் கெடுத்து வெக்காதேன்னு இவரு அதட்டுவாரு. அதையும் முணுமுணுத்துத்தான் அதட்டுவாரு.

ஊசி வந்த சேதி கேட்டுத் தருமபுரிக்குப் போனோம். டாக்டரு உள்ள கூப்பிட, இவரு எதிர்ல இருந்த புளியமரத்தடிக்குப் போயி ரோட்டைப் பாத்து நின்னுக்கிட்டாரு. டாக்டரு மொதப் பல்லை அழுத்தினாரு, அடுத்தது, அதுக்கடுத்தது. "என்னா பண்ணின?"ன்னு கேட்டாரு. செங்கல்லை விட்டதையும் பட்டைத் தண்ணியையும் சொன்னேன். பேன் மருந்தைச் சொல்லல! பல்லடியில கட்டி நின்ன அழுக்கையெல்லாம் சுரண்டி எடுத்தாரு. அப்புறம் ஊசியைப் போட்டாரு.

வெளியில வந்தேன். புளியமரத்தடியில இவரு இன்னும் திரும்பல. பின்னால போயி தோளைத் தட்டினேன். பயந்துக்கிட்டே திரும்பினாரு. ஒதடு மரத்துத் தொங்குது, வாயில பஞ்சு. இருந்தாலும் கீழ் ஒதட்டை விரலால இழுத்துக் காட்டினேன். அவரு குனிஞ்சு பாத்தாரு. மறுபடியும் பாத்தாரு.

"ஒண்ணுதான் போச்சு!"ன்னு கத்தினாரு என் வூட்டுக்காரரு. "ஏ புள்ள, மூணு பல்லு இருக்குது! மூணு இருக்குது!"

ரோட்டுல போறவங்க, பஸ்ஸுக்கு நின்னவங்க அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. வாயை மூட நான் முந்தானையை எடுக்கல.